உள்ளூர்த் தூக்கம் செல்லாது

லாட்ஜ்காரருக்கு அவருடைய மகள் வைத்த பெயர் ‘சந்தேகம்’. முதுகுக்குப் பின்னால் மட்டும் அல்ல, முகத்துக்கு நேராகவும் அப்படித்தான் சொல்லுவாள். "அம்மா, சந்தேகம் சாப்பிட்டாச்சா?" என்று சமையலறையைப் பார்த்துக் கேட்பாள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. ஆறே ஆறு அறைகள் உள்ள லாட்ஜை இருபத்திரண்டு வருஷமாக நடத்துகிற மனிதருக்குச் சந்தேகம் என்பது சாவிக்கொத்து மாதிரி, இடுப்பிலேயே இருக்க வேண்டிய சாமான். பெட்டி இல்லாமல் வருகிறவர், பெயரைக் கேட்டதும் கொஞ்சம் யோசிக்கிறவர், கவுண்டரில் நின்று தேவைக்கு மேல் சிரிக்கிறவர்: இந்த மூன்று பேரையும் நம்பக் கூடாது என்பது அவர் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

அவருடைய பில் புத்தகத்தில் கீழே ஒரு வரி அச்சடித்திருக்கும். ‘விடுதி வரி: உள்ளூர் விளையாட்டு மேம்பாட்டுக்காக.’ ஐந்து வருஷமாக இருக்கிறது. வருகிறவர்கள் விரல் வைத்துக் கேட்பார்கள்.

"இது எதுக்கு?"

"எங்க ஊரு பிள்ளைங்க விளையாடுறதுக்கு சார்."

"பரவாயில்லயே. இதுவரைக்கும் என்ன செஞ்சிருக்காங்க?"

இந்த இடத்தில் லாட்ஜ்காரருக்கு மீதிச் சில்லறை தேடவேண்டிய அவசரம் வந்துவிடும்.

செய்யாமல் இல்லை. லாட்ஜுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி இருக்கும் மைதானத்துக்கு இந்த ஐந்து வருஷத்தில் ஒரு பலகை வந்திருந்தது. ‘உங்கள் விடுதி வரியால் வளரும் மைதானம்’ என்று பெரிய எழுத்தில் எழுதி, இரண்டு இரும்புக் கால்களில் நிறுத்தி, சிமென்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். அதை நிறுத்திய இடம் நீளம் தாண்டுகிறவர்கள் ஓடிவரும் பாதையின் நட்டநடு. பலகை வந்த நாளிலிருந்து பிள்ளைகள் பலகை வரைக்கும் நேராக ஓடிவந்து, இடது பக்கம் ஒரு வளைவு வளைந்து, பிறகுதான் குதித்தார்கள். குதித்து விழுந்த குழியில் மணல் கிடையாது. எப்போதோ இருந்தது மழையில் போய், தரை காய்ந்து இறுகிக் கிடந்தது.

லாட்ஜ்காரரின் மகள் நீளம் தாண்டுகிறவள். பதினேழு வயது. இன்னும் நான்கு மாதத்தில் வெளியூரில் தேர்வு. ஐந்து மீட்டர் இருபது தாண்டினால் விளையாட்டுக் கல்லூரியில் இடமும் படிப்புச் செலவும் கிடைக்கும். அவள் தாண்டுவது ஐந்துக்குக் கொஞ்சம் கீழே. முட்டி வீங்கியிருந்தது.

பி.டி. டீச்சர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். "இந்தத் தரையில நாலு மாசம் குதிச்சா முட்டி போயிடும். குதிக்காம இருந்தா சீட்டு போயிடும். எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. ஒரே ஒரு லோடு மணல் கிடைச்சா ரெண்டும் தப்பிக்கும்."

சொந்தக் காசில் கொட்டிவிடலாம் என்றுதான் லாட்ஜ்காரர் முதலில் நினைத்தார். மைதானம் விடுதி வரியை வசூலிக்கும் வாரியத்தின் பொறுப்பில் இருந்ததால் வெளி ஆள் ஒரு கைப்பிடி மண்ணைக்கூட உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று பலகையின் பின்பக்கம் எழுதியிருந்தது. அப்படியானால் கேட்டுவிடுவோம் என்று கிளம்பினார்.

விடுதி வரி விளையாட்டு மேம்பாட்டு வாரியத்தின் அலுவலகம் ஊரிலேயே பெரிய ஓட்டலின் இரண்டாம் மாடியில் இருந்தது. தரையில் கால் புதைகிற கம்பளம். செயலாளர் அவரைப் பார்த்ததும் சிரித்தார். நாற்காலியைக் காட்டி இன்னொரு தடவை சிரித்தார். லாட்ஜ்காரருக்கு அப்போதே உள்ளுக்குள் மணி அடித்தது. ஆனாலும் மணல் விஷயத்தைச் சொன்னார்.

"மணல் தானே, கொடுத்துட்டாப் போச்சு. எத்தனை பேர் குதிக்கிறாங்க?"

"பதினோரு பொண்ணுங்க சார்."

"ரொம்ப நல்லது. குதிச்சு முடிச்சதும் எங்க தூங்குவாங்க?"

அடுத்தவர்களைத் தூங்கவைத்தே பிழைக்கிற மனிதருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "சாயங்காலம் அஞ்சரைக்கு முடிச்சிடுவாங்க சார். தூங்கமாட்டாங்க. வீட்டுக்குப் போயி படிப்பாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் தூங்குவாங்க."

"அதான் கேக்கறேன். எங்க?"

"வீட்டுலதான்."

செயலாளர் பேனாவை மூடி வைத்தார். சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. "பாருங்க, இது வெளியூர்க்காரங்க இங்க வந்து தூங்கினதுல வந்த பணம். இன்னும் நிறைய வெளியூர்க்காரங்க வந்து தூங்குற மாதிரி காரியத்துக்குத்தான் இதைச் செலவு பண்ணலாம். நாலாவது விதி அது. உங்க பொண்ணு எவ்வளவு தூரம் வேணும்னாலும் தாண்டட்டும், எனக்குச் சந்தோஷம். ஆனா அதுனால இந்த ஊர்ல ஒரு தலையணையாவது கசங்குமா?"

"உள்ளூர் விளையாட்டுக்குன்னு பில்லுல போட்டிருக்கே சார்."

"விளையாட்டு உள்ளூர்லதான் நடக்கணும். விளையாடுறவங்க உள்ளூரா இருக்கணும்னு எங்க போட்டிருக்கு?"

கையில் ஒரு விதிப் புத்தகத்தையும் ‘இரவுச் சான்று’ என்று ஒரு படிவத்தையும் கொடுத்து அனுப்பினார். படிவத்தில் விளையாட்டு வீரர் தங்கிய அறை எண், படுத்த கட்டிலின் அகலம், பயன்படுத்திய தலையணைகள் என்று பன்னிரண்டு கட்டங்கள் இருந்தன. எந்த விளையாட்டு என்று கேட்க ஒரு கட்டமும் இல்லை.

மனைவி படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே முழுக் கதையையும் கேட்டார். "இதுக்கா இவ்வளவு முழிக்கிறீங்க? நம்ம ரூம்ல நாலு காலியாத்தானே கிடக்கு. ஒரு நாள் அந்தப் பதினோரு பிள்ளைங்களும் இங்கயே தூங்கட்டும். சான்று எழுதிக் குடுத்துடுங்க."

"இவ்வளவு லேசா முடியற காரியத்துக்கு எதுக்கு பன்னெண்டு கட்டம்?" என்றார் லாட்ஜ்காரர். ஆனாலும் வேறு வழி தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை பிள்ளைகள் வந்து தங்கினார்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாரியத்தின் சரிபார்ப்பாளர் வந்துவிட்டார். மெலிந்த மனிதர், கையில் அளவுநாடா. ஒவ்வொரு தலையணையாகத் தொட்டுப் பார்த்தார். ஒன்றை முகர்ந்தும் பார்த்தார். பிறகு பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து விசாரித்தார்.

"கட்டில் வசதியா இருந்துச்சா?"

"நாங்க மூணு பேரு ஒரே கட்டில் சார். இவ உதைச்சுக்கிட்டே இருந்தா," என்றாள் ஒருத்தி.

"உதை," என்று எழுதிக்கொண்டார். "இந்த ஊருக்கு வந்த நோக்கம்?"

அந்தப் பெண் லாட்ஜ்காரரைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்தார். "இங்கதான் சார் பொறந்தேன்."

சரிபார்ப்பாளர் அதையும் எழுதினார். நோக்கம்: பிறப்பு.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. ‘மேற்படி பதினொருவரும் தங்கள் விடுதியில் தூங்கியது உண்மை என வாரியம் மனநிறைவு கொள்கிறது. எனினும் பதினொருவரின் வீடுகளும் மூன்று கிலோமீட்டருக்குள் இருப்பதால், அவர்கள் தூங்கியது உள்ளூர்த் தூக்கம் ஆகும். உள்ளூர்த் தூக்கம் செல்லாது. அந்த இரவுக்கான விடுதி வரியை மட்டும் ஒரு வாரத்துக்குள் செலுத்தவும்.’

"வரிக்கு மட்டும் செல்லுமாக்கும்?" என்று மனைவி கேட்டார். உள்ளே மகள் முட்டியில் ஐஸ் கட்டியை வைத்து அழுத்திக்கொண்டு, பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தது கதவிடுக்கில் தெரிந்தது. லாட்ஜ்காரர் எத்தனையோ ஏமாற்றுக்காரர்களுக்குச் சாவி கொடுத்திருக்கிறார். ஒருவனாவது ஏமாற்றிய பிறகு கடிதம் போட்டு வரி கேட்டதில்லை.

அடுத்த வாரம் வாரியம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியது. அதே ஓட்டலின் பெரிய கூடம். லாட்ஜ்காரரும் பி.டி. டீச்சரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். வாரியத் தலைவர் எழுந்து கூடம் முழுவதையும் பார்த்துச் சிரித்தார்.

"இந்தக் கூட்டம் ஏன் இந்த ஓட்டல்ல நடக்குதுன்னு சில பேர் கேக்கறாங்க. என் ஓட்டல்ங்கறதுனால இல்லீங்க. எல்லாம் முறைப்படிதான். மூணு ஓட்டல்கிட்ட விலை கேட்டோம். இதுதான் குறைச்சலா வந்துச்சு. மூணுமே என்னோடதுங்கறதால எனக்குப் பாரபட்சம் காட்ட வழியே இல்ல." கைதட்டல் வந்தது. "உள்ளூர்க்காரங்களுக்கு நாங்க எதிரின்னும் பேசறாங்க. அவங்களும் மனுஷங்கதானே! அவங்ககிட்ட நான் பாக்கிற குறை ஒண்ணே ஒண்ணுதான். எல்லாருக்கும் போய்ப் படுக்க ஒரு வீடு இருக்கு. அதை வச்சுக்கிட்டு ஒரு வாரியம் எப்படிங்க வளரும்?"

பிறகு ஆலோசகர் வந்தார். எட்டு மாதம் ஆராய்ந்ததில் ஒரு உண்மை தெரிந்தது என்றார். ஐந்து வருஷத்தில் மைதானத்துக்காக ஒரு வெளியூர்க்காரர்கூட ஊரில் தங்கவில்லை.

"மைதானம் குட்டிச்சுவரா கிடந்தா எவன் வருவான்?" என்று பி.டி. டீச்சர் எழுந்து கேட்டார்.

"அதுவும் ஒரு கருத்து," என்று ஆலோசகர் அன்பாகச் சொன்னார். "ஆனா எங்க ஆய்வுப்படி உண்மையான காரணம் வேற. மைதானத்துக்குள்ள படுக்க இடம் இல்ல."

திரையில் வரைபடம் வந்தது. மைதானத்தின் மேல் அறுபது அறைகளோடு ஒரு மூன்று மாடிக் கட்டடம். ‘விளையாட்டு வீரர் விடுதி. நிர்வாகம்: வாரியத் தலைவரின் நிறுவனம்.’ சுற்றிலும் பச்சையாக ஒரு மெல்லிய கோடு, அதில் ‘எஞ்சிய மைதானம்’ என்று எழுதியிருந்தது. லாட்ஜ்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தாண்டும் குழியைத் தேடினார். அந்த இடத்தில் காலை உணவுக் கூடம் இருந்தது. அறுபது அறை வந்தால் தன்னுடைய ஆறு அறை என்ன ஆகும் என்பதுகூட அவருக்கு உடனே உறைக்கவில்லை. கையைத் தூக்கினார்.

"மைதானத்து மேல விடுதி கட்டிட்டா, அதுல தங்குறவங்க எங்க சார் விளையாடுவாங்க?"

தலைவர் முகம் மலர்ந்தது. "அருமையான கேள்வி! அதுக்கு ஒரு இடம் பாக்கணும்னு அடுத்த அஞ்சு வருஷத் திட்டத்துல போட்டிருக்கோம்." இந்தப் பதிலுக்குத்தான் அன்றைக்குப் பெரிய கைதட்டல்.

மறு திங்கட்கிழமை மைதானத்தில் மணல் வந்து இறங்கியது. ஒரு லோடு இல்லை, ஐந்து லோடு. கட்டட வேலைக்காக, சரியாக அந்தக் குழியின் மேலேயே கொட்டிவிட்டுப் போனார்கள்.

லாட்ஜ்காரர் ஓடிப்போய்ப் பார்த்தார். ஒரு கை அள்ளி விரலிடுக்கில் விட்டார். கல் இருக்குமா என்று பார்த்தார், கண்ணாடித்துண்டு இருக்குமா என்று பார்த்தார். ஒன்றும் இல்லை. சலித்த நல்ல மணல். அவருக்கு மேலும் சந்தேகமாகிவிட்டது.

காவலுக்குப் போட்டிருந்தவர் பலகையில் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தார். "பிள்ளைங்க இதுல குதிக்கலாமாங்க?" என்று லாட்ஜ்காரர் கேட்டார்.

"மணலை யாரும் தூக்கிட்டுப் போகக் கூடாதுன்னுதான் எனக்கு உத்தரவு. குதிக்கிறதைப் பத்தி ஒண்ணும் சொல்லல," என்றார் காவலாளி. "குதிச்சா மணல் குறையுமா என்ன?"

பதினோரு பிள்ளைகளும் மண்வெட்டியோடு வந்து குவியலின் ஒரு பக்கத்தை இழுத்துப் பரப்பினார்கள். மகள் பலகை வரை ஓடிவந்து, இடது பக்கம் வளைந்து, எழும்பினாள். இத்தனை நாளும் அவள் விழும்போது ‘டம்’ என்று ஒரு சத்தம் கேட்கும், லாட்ஜ்காரர் அப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுவார். இன்றைக்கு ‘பொத்’ என்று மட்டும் கேட்டது. அவள் உட்கார்ந்த வாக்கிலேயே மணலை இரண்டு கையாலும் அள்ளித் தன் மடியில் போட்டுக்கொண்டு சிரித்தாள். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. காவலாளி பார்க்கிறாரே என்று தூசி விழுந்தமாதிரி துடைத்துக்கொண்டார்.

அந்தச் சந்தோஷம் வீடு போய்ச் சேரும்வரைகூட நிற்கவில்லை. அஸ்திவாரம் தோண்ட இன்னும் பதினைந்து நாள். தேர்வுக்கு மூன்று மாதம். தோண்ட ஆரம்பித்தால் மணல் போய்விடும், பிள்ளைகள் உள்ளே கால் வைக்க முடியாது.

செயலாளர் கொடுத்த விதிப் புத்தகத்தை அன்றுதான் லாட்ஜ்காரர் பிரித்தார். போலி அடையாள அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பதுபோல் வரிவரியாகப் பார்த்தார். பதினேழாம் விதியில் விரல் நின்றது. வரி கட்டுகிற விடுதி உரிமையாளர் எவர் ஆட்சேபம் எழுப்பினாலும், அதை ஐவர் உபகுழு இருபத்தொரு நாளுக்குள் நேரில் வந்து விசாரிக்க வேண்டும். அதுவரை வேலை தொடங்கக் கூடாது. உறுப்பினர் ஐவரும் வெளியூர்க்காரர்களாக இருக்க வேண்டும். வாரியத்தின் நோக்கத்தை மதித்து, விசாரணைக்கு வருகிறவர்கள் குறைந்தது இரண்டு இரவு ஊரில் தங்க வேண்டும்.

முதல் மனு: வரைபடத்தில் கண்ட கட்டடத்தின் நிறத்தால் கண் கூசுமா என்பது பற்றி. உபகுழு இருபதாம் நாள் வந்து, தலைவரின் ஓட்டலில் இரண்டு இரவு தங்கி, கூசாது என்று தீர்ப்பளித்தது. அன்று மாலையே இரண்டாவது மனு போனது: அறுபது அறைக்கு அறுபது கதவு போதுமா? உபகுழு குடும்பத்தோடு வந்தது. போதும் என்று முடிவெடுக்க மூன்று இரவு ஆனது. மூன்றாவது மனு ஜன்னல்களைப் பற்றியது. நான்காவது மனு எழுதும்போது அவருக்கு விஷயம் தீர்ந்துபோய், ‘மேற்படி மூன்று விசாரணைகளும் சரியாக நடந்தனவா?’ என்று கேட்டார். அதற்குத்தான் உபகுழு அதிக ஆர்வத்தோடு வந்து நான்கு இரவு தங்கியது.

செயலாளர் ஒரு நாள் போன் செய்தபோது, மாட்டிக்கொண்டோம் என்றுதான் லாட்ஜ்காரர் நினைத்தார்.

"நிறுத்திடாதீங்க," என்றார் செயலாளர் குரலைத் தாழ்த்தி. "அஞ்சு வருஷத்துல மைதானத்துக்காக வெளியூர் ஆளுங்க வந்து தங்கினது இப்பத்தான். தலைவர் ரொம்பச் சந்தோஷமா இருக்கார்."

வாரியத்தின் ஆண்டுவிழாவில் அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். ‘அதிக இரவுகளை வரவழைத்த குடிமகன்.’ தலைவர் அவர் தோளைத் தட்டி, "இவர் ஒருத்தர் எழுதுற மனுவால எங்க வாரியம் இன்னைக்குத் தலைநிமிர்ந்து நிக்குது. உபகுழுவோட தங்கும் செலவு, சாப்பாட்டுச் செலவு எல்லாத்தையும் விடுதி வரியில இருந்துதான் குடுத்தோம். விளையாட்டுக்குன்னு வாங்கின பணத்துல ஒரு பைசாகூட வீணாப் போகல!" என்றார்.

கேடயத்தைக் கையில் பிடித்து போட்டோவுக்கு நிற்கும்போது லாட்ஜ்காரருக்கு ஒன்று தோன்றியது. அந்த ஐந்து பேரும் தூங்கிய செலவில் ஊரிலுள்ள எல்லாப் பள்ளிக்கும் மணல் கொட்டியிருக்கலாம். தூங்கவைத்தவர் அவர்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. பக்கத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தானும் சிரிக்கிறோமோ என்று பயந்து வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

மகள் மட்டும் தினமும் குதித்தாள். வீக்கம் வடிந்தது. ஐந்து பத்து வந்தது, ஐந்து பதினைந்து வந்தது. மணல் கிடந்தது.

ஐந்தாவது மனுவைப் போட்டுவிட்டுத்தான் தேர்வுக்குக் கிளம்பினார்கள். பஸ்ஸில் ஆறு மணி நேரம். அந்த ஊரின் மைதானத்தைப் பார்த்து லாட்ஜ்காரர் வாயைப் பிளந்துவிட்டார். ஓடுபாதை வழவழவென்று இருந்தது. குழியில் மணல் நிரம்பி வழிந்தது. இதில் எங்கே கோளாறு என்று இரண்டு தடவை சுற்றிவந்தார்.

முதல் தாண்டலில் மகள் வேகமாக ஓடிவந்தாள். வந்தவள் பாதி வழியில், ஒன்றுமே இல்லாத இடத்தில், இடது பக்கம் ஒரு வளைவு வளைந்தாள். கோட்டுக்கு வெளியே போய்விட்டாள். கொடி வைத்திருந்தவர் உட்பட எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டாவது தடவையும் அதேதான். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு.

பி.டி. டீச்சர் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினார். "அடியே, இங்க பலகை இல்லடி! நேரா ஓடு!"

மூன்றாவது தடவை அவள் கண்ணை மூடிக்கொண்டு ஓடியதுபோல்தான் லாட்ஜ்காரருக்குத் தெரிந்தது. ஐந்து மீட்டர் இருபத்தாறு.

மாலை லாட்ஜைக் காலி செய்யும்போது கவுண்டரில் இருந்த பெண்மணி பில்லை நீட்டினார். கீழே அதே வரி இருந்தது: ‘விளையாட்டு மேம்பாட்டுக்காக’. லாட்ஜ்காரர் அதன் மேல் விரல் வைத்தார்.

"உங்க ஊர்ல நிஜமாவே செஞ்சிருக்காங்கம்மா. பிரமாதமான மைதானம்."

"அப்படித்தான் சொல்றாங்க சார்," என்றார் அவர் சாவியை ஆணியில் மாட்டியபடி. "உள்ள எப்படி இருக்குன்னு நான் பாத்ததில்ல. உள்ளூர்க்காரங்களை விடமாட்டாங்க. ரூம் சாவி காட்டினாத்தான் கேட்டையே திறப்பாங்க. என் பொண்ணும் நீளம் தாண்டுறவதான். தெருவுல கோடு போட்டுத் தார் ரோட்டு மேல குதிக்கிறா. பாக்கவே பயமா இருக்கு."

பெட்டியைத் தூக்கிய லாட்ஜ்காரர் அதைக் கீழே வைத்தார். பிறகு தன் லாட்ஜின் முகவரிச் சீட்டை எடுத்துக் கவுண்டரில் வைத்தார்.

"பொண்ணைக் கூட்டிட்டு எங்க ஊருக்கு வாங்கம்மா. ரூமுக்குக் காசு வேணாம். வரியை மட்டும் நான் கட்டிக்கிறேன்."

அந்தப் பெண்மணி அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பார்த்த விதம் லாட்ஜ்காரருக்கு நன்றாகப் பழக்கமானது. "எதுக்கு சார் சும்மா தர்றீங்க?"

"அங்க அஞ்சு லோடு மணல் இருக்கு," என்றார் அவர். "நான் எழுதி நிறுத்தி வச்சிருக்கேன். இன்னும் ரெண்டு மனு வரைக்கும் தாங்கும். வரும்போது பொண்ணோட அடையாள அட்டை மட்டும் மறக்காம எடுத்துட்டு வாங்க. அதுல இந்த ஊரு முகவரிதானே இருக்கு? அது போதும். எங்க ஊர்ல வெளியூர்த் தூக்கம்தான் செல்லும்."